மேற்குச் சுவரும் வெள்ளை முதுகும்

வெளிச்சுவருக்கு பெயிண்ட் தயாரிக்கிற தொழிலில், டப்பா வெளியே போன நாளிலிருந்து வெயில் எங்களைச் சோதித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சோதனையில் தோற்ற சுவர்களைப் போய்ப் பார்ப்பது என் வேலை. போன் அடித்தால் எடுப்பதற்கு முன் நம்பரை இரண்டு தடவை பார்க்கிற வேலையில் இருப்பவர்களே, நீங்கள் என் இனம்.

பரவை வீடு

பரவையில் காய்கறி மண்டிக்காரர் ஒருவர் புதுவீட்டுக்குப் பளிச்சென்று கத்தரிப்பூ நிறம் அடித்திருந்தார். இரண்டாவது கோடை முடிவதற்குள் மேற்குச் சுவர் வெளுத்துவிட்டது. வடக்குச் சுவர் அப்படியே இருந்தது. அவருக்குச் சந்தேகம், ஒரே வீட்டுக்கு இரண்டு தரத்தில் டப்பா கொடுத்துவிட்டோம் என்று.

பெயிண்ட் ஒன்றுதான். அந்த மாதிரி பளிச் நிறங்களுக்குப் போடும் பொடிகளில் பல வெயிலில் உடைந்துபோகும். காவி, செங்கல் நிறத்துக்குப் போடுவது இரும்புத் துரு ரகம். அதை வெயில் அசைக்காது. இதைக் கடைக்காரர் முதலிலேயே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கடைக்காரருக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். வேர்க்க வேர்க்க விளக்கி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"அப்ப மேக்க பாத்து வீடு கட்டுனது என் தப்புங்கிறீங்க."

முதுகெல்லாம் வெள்ளை

உசிலம்பட்டியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீடு. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஏழெட்டுப் பேர் உள்ளே இடமில்லாமல் வெளிச்சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறார்கள். கிளம்பும்போது அத்தனை பேர் முதுகிலும் வெள்ளை மாவு. யோசித்துச் சொல்வதாகப் போனவர்களிடமிருந்து பத்து நாளாகத் தகவலே இல்லை.

கறுப்புத் துணியால் சுவரைத் தேய்த்ததும் துணி வெளுத்தது; காரணம் எனக்குத் தெரிந்துபோனது. பெயிண்டில் சேர்க்கும் வெள்ளைப் பொடியில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று சுவரைக் காக்கும். மற்றது வெயில் பட்டால், தன்னைப் பிடித்து வைத்திருக்கும் பிசினையே அரித்துவிடும். பிறகு மிஞ்சுவது மாவுதான். வழக்கமான பொடி கிடைக்காத மாதம் இரண்டாவது ரகத்தைப் போட்டுவிட்டோம். மாதிரிப் பலகையை ஒரு வெயில்காலம் மொட்டைமாடியில் வைத்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டவள் நான்.

சுவரைச் சரியாகக் கழுவாமல் அடித்ததால் வந்தது என்று சொல்லிவிடும்படி ஆபீசில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாய் வரவில்லை. தப்பு எங்களுடையதுதான் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"ஒருத்தராச்சும் சட்டையக் காட்டி கேட்டிருந்தா மனசு ஆறிருக்கும்மா. அம்புட்டு பேரும் சிரிச்சுக்கிட்டே போனாக."

ரிப்போர்ட்

மறுநாள் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆலையில் மேலாளர் முன்னால் ரிப்போர்ட்டை வைத்தேன். அந்தப் பெயிண்ட் போன வீடுகளையெல்லாம் திரும்ப அடித்துத் தர வேண்டும் என்றும், சோதனைத் தாளில் இருப்பது என் கையெழுத்து என்றும் எழுதியிருந்தேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு அவரும் கீழே கையெழுத்துப் போட்டார்.

"இதை நீங்க எழுதாம இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன் மேடம்."

நிச்சயதார்த்தம்

ஆசிரியர் வீட்டுச் சுவரைச் சுரண்டி, நல்ல பொடி போட்ட பெயிண்டை அடித்துக் கொடுத்தோம். மாப்பிள்ளை வீட்டிலிருந்தும் தகவல் வந்தது. அவர்கள் வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரியில் இருந்ததால்தான் தாமதமாம். சட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

போனால், ஆசிரியர் வந்தவர்களுக்கும் சுவருக்கும் நடுவில் காவல் மாதிரி நிற்கிறார். புதுப் பெயிண்ட் ஒட்டாது என்று நானே தேய்த்துப் பார்த்துச் சொன்னவள்தான்; ஆனாலும் என் கால் தானாகப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. மாப்பிள்ளையின் அப்பா எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்ன சம்பந்தி, பெயிண்டு இன்னும் காயலையா?"

சூரியன் மேல் யாரும் புகார் கொடுக்க முடியாது என்பதால், இந்தத் தொழிலில் அதற்குப் பதிலாக எங்கள் போன் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.