என் மனைவியின் ப்ரோக்கள்

ஆரணியில் பட்டு நெய்கிறவன் நான். பத்தாவதோடு நின்ற நான் எழுத வந்ததற்கு மன்னியுங்கள்.

நான் நெய்வதை என் மனைவி போனில் விற்கிறாள். எந்த ஆண் பேசினாலும் அவளுக்கு 'ப்ரோ'தான். பேரத்தில் கெஞ்சலாக ஒரு ப்ரோ, கோபத்தில் வெடுக்கென்று ஒன்று, சிரிப்போடு ஒன்று. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்காது. அவள் பேசும்போதெல்லாம் தறியை ஓங்கி அடிப்பேன்.

ஒருநாள், முடிந்த சேலையைத் தடவிப் பார்த்தாள். அங்கங்கே நெசவு நெருங்கித் தடித்திருந்தது.

"இன்னாங்க இது? நான் போன் பேசிகினு இருந்தப்போல்லாம் அடிச்சதா?"

"அந்த ப்ரோ..." என்று இழுத்தேன்.

"அண்ணான்னா உரிமையா வெலயக் கொறைக்கறான். பேர் சொன்னா இளிக்கறான். ப்ரோன்னாதான் எட்ட நிக்கறான். உங்கள என்னிக்காவது ப்ரோன்னு கூப்ட்டேனா?"

மனதில் மறைத்த பொறாமை சேலையில் தெரியும் என்று நான் நினைத்ததில்லை. அதை விற்காமல் அவளே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவளுக்குப் போன் வந்தது. தறியை நிறுத்தினேன்.