பறி கவ்விய வாய்

சபையில் எழுந்து பேச எனக்கு வராது. அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போதிருக்கும் உபதேசியார், ஏரியில் வேலை செய்யும் பெண்கள் மணி அடித்ததும் கரையேறி, முழங்கால்போட்டு, சத்தமாக ஜெபிக்க வேண்டும் என்றார். பிள்ளைகள் அதைப் பார்த்து வந்து தம்மிடம் சொல்ல வேண்டுமாம். வீட்டுக்கு வந்தும் நெஞ்சு ஆறவில்லை. பேச வராவிட்டாலும் எனக்கு எழுத வரும். ஒல்லாந்தர் கும்பினி நடத்திய பள்ளிக்கூடத்தால் நான் அடைந்த நன்மை அது ஒன்றுதான்.

இதே சட்டத்தை நான் ஒன்பது வயதில் பார்த்தேன். பார்த்தேன் என்ன, அதற்கு ஆளாக இருந்து வேலை செய்தேன்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை மணி காவல்காரர்கள் முறை மாறுவதற்காக அடிப்பது. அதை ஜெப மணியாக்கியவர் அன்றைய உபதேசியார். விடியலில், உச்சியில், அந்தியில் என்று மூன்று தரம். ஊருக்கு ஜெபப் பழக்கம் வர வேண்டுமானால் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்த ஆட்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாகிய நாங்கள். வீட்டில் யார் மணிக்கு ஜெபித்தார்கள், யார் ஜெபிக்கவில்லை என்று சனிக்கிழமைதோறும் அவரிடம் ஒப்புவிக்க வேண்டும். பொய் சொன்னால் நரகம். உண்மை சொன்னால் ஒரு துண்டு பனைவெல்லம்.

நைனா கடலுக்குப் போவார். அம்மாவும் சித்தியும் ஏரியில் இறால் தடவுவார்கள். அதற்கு வலை கிடையாது. தண்ணீர் வற்றிய இடத்தில் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். அகப்பட்ட இறாலைப் போடுவதற்குப் பனையோலையில் பின்னிய ஒரு சிறு கூடை. அதற்குப் பறி என்று பெயர். கை இரண்டுக்கும் வேலை இருப்பதால் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் பறி தண்ணீரில் விழும், பிடித்த இறால் துள்ளி ஓடிவிடும்.

நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நிற்பேன். அவன் பிறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. அதை நினைத்து அம்மாவுக்கு எப்போதும் பயம். அவனுக்கு முன் பிறந்த குழந்தை ஞானஸ்நானம் பெறாமலே காய்ச்சலில் போய்விட்டது.

அம்மாவிடம் எனக்குப் பிடிக்காத வழக்கம் ஒன்று இருந்தது. முனகிக்கொண்டே இருப்பாள். இறால் அகப்பட்டால் மூக்கால் ஒரு 'ம்ம்'. அடுப்பு பற்றினால் ஒரு 'ம்ம்'. தம்பி தும்மினால் ஒரு 'ம்ம்'. பக்கத்து வீட்டுப் பெண் அவளைப் போலவே முனகிக் காட்டிச் சிரிப்பாள். எனக்கு அவமானமாக இருக்கும். அம்மாவுக்கு இடுப்பு வலி என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தேன்.

உச்சி மணி அடிக்கும்போதெல்லாம் நான் கரையிலிருந்து கத்துவேன்.

"யம்மா! மணி அடிச்சிட்டாங்க!"

அம்மா திரும்பமாட்டாள். பறி வாயில்தான் இருக்கும், கைகள் சேற்றில்தான் இருக்கும். எனக்கு அழுகையும் கோபமுமாக வரும். ஊரில் எல்லாரும் ஜெபிக்க, என் அம்மா மட்டும் ஆண்டவரை மதிக்கவில்லையே என்று அவ்வளவு கோபம். சனிக்கிழமை உபதேசியார் முன் நின்று, "எங்கம்மா வாயத் தொறக்கவே இல்லீங்க" என்றேன். வெல்லம் கிடைத்தது. தின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் உபதேசியார் அம்மாவைப் பெயர் சொல்லி எழுப்பினார். மணிக்கு ஜெபிக்காத தாயின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை என்றார். சித்தி பாயிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"இன்னா உபதேசியாரே, வாயில பறிய வெச்சிக்கினு எப்படி ஜெபம் சொல்றது?"

"பறியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்."

"கீழ இன்னா தரையா இருக்குது? ஏரி! ஒரு நாளு நீ எறங்கி வெச்சிக் காட்டேன், பாப்போம்!"

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவர் முகம் சிவந்தது. "முழங்கால்போடச் சோம்பல்" என்றார்.

"விடிஞ்சதுலேர்ந்து முட்டி போட்டுக்கினுதான்யா கெடக்கறோம்!"

அவர் சித்தியை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். "நீ என்ன சொல்கிறாய்?"

அம்மா தம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, "மனசுல சொல்லிக்கினுதாங்க இருக்கேன்" என்றாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"வாய் திறந்து சொல்லாதது ஜெபம் ஆகாது. ஆண்டவர் கணக்கில் அது ஒன்றுமில்லை" என்றார் அவர். ஆண்டவரின் கணக்குப்பிள்ளை இவர்தானா என்று அன்று கேட்க ஆள் இல்லை. நான் இன்று கேட்கிறேன்.

திங்கட்கிழமை உச்சி மணிக்கு அவர் குடையோடு கரையில் வந்து நின்றார். மணி அடித்தது. அம்மா இருந்த இடத்திலேயே கைகூப்பி வாயைத் திறந்தாள். பறி விழுந்து கவிழ்ந்தது. காலையிலிருந்து தடவிய இறால் அத்தனையும் அவளைச் சுற்றித் துள்ளி மறைந்தது. அவள் பரமண்டல ஜெபத்தை ஒரு சொல் தவறாமல் சத்தமாகச் சொல்லி முடித்தாள். உபதேசியார் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று இரவு கஞ்சியில் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

இரண்டு வாரம் கழித்துத் தம்பிக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. அதன் பிறகு தினம் மூன்று தரமும் மணி அடித்ததும் ஜெபிக்க அம்மா தவறியதே இல்லை. உச்சி மணி அடிக்கும் முன்பே கரையேறிக் காத்திருப்பாள். மற்றப் பெண்களுக்கு எங்கள் அம்மாவைத்தான் அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

பல வருஷம் கழித்து நானும் பறி கவ்வத் தொடங்கினேன். ஒருநாள் அம்மாவின் அந்தப் பழைய முனகலை நான் கேலியாகச் சொன்னபோது, சித்தி பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை முறைத்தாள்.

"மொனகலா? ஒவ்வொரு எறாலுக்கும் உங்கம்மா ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிக்கினு இருந்தாடி. அது ஜெபமே இல்லன்னு அந்தாளு சொன்னான். இவ நம்பிட்டா."

ஞானஸ்நானம் ஆன அந்த மாதத்திலேயே அம்மாவின் முனகல் நின்றுபோயிருந்தது. ஏரியிலும் இல்லை, அடுப்படியிலும் இல்லை. தம்பி தும்மினாலும் சும்மா இருந்தாள். அம்மாவுக்கு இடுப்பு வலி தீர்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நான் அப்போது ஓடிப் போய்ச் சொன்னேன்.