சித்தி விரதமிருந்த சனிக்கிழமை

பெர்ன் நகரத்துக் கரடிக்குழியின் கல்மதிலில் சாய்ந்து நின்று சித்தி கரட் கிழங்குகளை ஒவ்வொன்றாகக் கீழே எறிந்துகொண்டிருந்தார். குழிக்குள் ஒரு பெரிய கரடி பின்னங்காலில் குந்தி, முன்கால்களைத் தூக்கிக் கேட்டது. நான்கு வயதுத் தம்பி துள்ளித் துள்ளிக் கத்தினான். "எனக்குத்தான் இல்லை, இதுக்காவது வயிறு நிறையட்டும்" என்று சித்தி சிரித்தார். காலையிலிருந்து அவர் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்த தன் கணவரின் ஆயுளுக்காக விரதமிருந்தார். அந்த மனிதர் இறந்து இரண்டு நாளாகியிருந்தது. அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், பத்து வயதான எனக்கும் தெரியும். சித்திக்கு மட்டும் தெரியாது.

எண்பதுகளின் கடைசி அது. டீட்டிகோன் என்ற சிறு நகரில் இரண்டறை வீடொன்றில் இருந்தோம். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. சண்டை இறுகியபோது, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த சித்தப்பா அவரை முதலில் அனுப்பிவைத்தார். தான் பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார். வந்து எட்டு மாதமாகியும் சித்தி பெட்டியை முழுதாகப் பிரிக்கவில்லை. அவர் வந்ததும் தனி வீடு எடுப்போம், அப்போது பிரிக்கலாம் என்பார். ஐப்பசியில் கேதாரகௌரி விரதம் வந்தது. இருபத்தொரு நாளும் பகல் முழுக்கப் பட்டினி. மாலையில் குளித்து, குளிர்ப்பெட்டிக்கு மேல் வைத்திருந்த சாமி படத்துக்கு விளக்கேற்றிய பிறகு ஒரு நேரச் சாப்பாடு. எங்கள் பெண்கள் கணவனுக்காகப் பிடிப்பது. அம்மா அந்த ஊக்கமெல்லாம் இல்லாதவர் என்று சித்தி கேலி செய்வார்.

செய்தி வெள்ளிக்கிழமை பின்னேரம் லண்டனிலிருந்து தொலைபேசியில் வந்தது. சித்தப்பாவின் வீட்டு வாசலில் ஷெல் விழுந்ததாம். அப்பா அம்மாவைக் குளியலறைக்குக் கூட்டிப்போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னார். நான் கதவோடு ஒட்டி நின்றேன். டாவோஸில் ஹோட்டலொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த பெரிய மாமாவுக்கு ஞாயிறுதான் லீவு. அவர் வந்து சொல்லட்டும், அதுவரை மூச்சு விடக்கூடாது என்று முடிவாயிற்று. சாவை உடனே சொல்லும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது. முதலில் காய்ச்சல் என்பார்கள், பிறகு கொஞ்சம் கடுமை என்பார்கள். கேட்பவருக்கு அப்போதே விளங்கிவிடும், ஆனாலும் மூத்தவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால்தான் வாய் திறக்கும். அதை அன்பு என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். இப்போது எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது.

சிக்கல் என்னவென்றால், பள்ளி விடுமுறைக்கு பெர்ன் கூட்டிப்போவதாக அப்பா எங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். போகாவிட்டால் சித்தி சந்தேகப்படுவார். ஆகவே, சாவு விழுந்த குடும்பம் பிள்ளைகளோடு ஊர் பார்க்கப் புறப்பட்டது. கடிகாரக் கோபுரத்தின் கீழே, மணி அடிக்கையில் சுற்றிவரும் பொம்மைகளை அண்ணாந்து பார்த்தோம். அப்பா ஓயாமல் விளக்கம் சொன்னார். அவ்வளவு கதைக்கிற மனிதரல்ல அவர். தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த நீண்ட கல் வளைவுகளின் கீழே சித்திதான் எல்லோருக்கும் முன்னே நடந்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கடைக் கண்ணாடிகளில் குளிர்ச் சட்டைகளைக் காட்டி, எது சித்தப்பாவுக்கு அளவாக இருக்கும் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா ஒரு நீலச் சட்டையைக் காட்டினார்.

மதியம் ஆற்றோரம் இருந்து வெண்ணெய் தடவிய பாண் சாப்பிட்டோம். சித்திக்கு உதடு வெளிறிப்போயிருந்தது. அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"இண்டைக்கு ஒரு நாளைக்கு விடன். வழி தெருவிலை மயங்கி விழப்போறாய். கொஞ்சம் சாப்பிடு."

"பன்னிரண்டு நாள் பிடிச்சாச்சு, அக்கா. இடையிலை விட்டு அவருக்கு ஏதும் நடந்தால் நீயோ பதில் சொல்லுவாய்?"

அம்மா எழுந்து போய் ஆற்றைப் பார்த்து நின்றார். தோள் குலுங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது. சித்தி என்னைக் கிட்ட இழுத்து, காதோடு கேட்டார். "அம்மா ஏன் பிள்ளை அழுறா?" என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பியிருந்தார். "அப்பா ஏசிப்போட்டார்" என்றேன். நான் சொன்ன பொய்களில் இவ்வளவு சுலபமாக வாயில் வந்தது வேறெதுவும் இல்லை. சித்தி நம்பினார். திரும்பும் ரயிலில் அப்பாவிடம், "அக்காவை ஏசாதேங்கோ அத்தான், பாவம்" என்று கேட்டுக்கொண்டார்.

அன்று மாலையும் விளக்கேற்றினார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் கும்பிட்டார். அம்மா சோறு போட்டுக் கொடுத்தார். நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை மாமா வந்து சொன்னார். சித்தி கத்தவில்லை. "எப்ப?" என்று மட்டும் கேட்டார். வியாழக்கிழமை என்றார் மாமா. "உங்களுக்கெல்லாம் எப்ப தெரியும்?" சித்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றார்.

"உன்னைத்தானே பிள்ளை கேட்டனான்."

அவ்வளவுதான் சொன்னார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அம்மாவின் சட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

சில மாதங்களில் சித்தி பிரெஞ்சு பேசும் ரெனான் பக்கம் போய்விட்டார். பிரெஞ்சு படித்து, முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு எந்த விரதமும் பிடித்ததாகத் தெரியவில்லை. என் கலியாணத்துக்கு வந்தார், வாழ்த்தினார், கடைசி ரயிலுக்கு முன்பே கிளம்பினார். அம்மா எத்தனையோ தடவை தொலைபேசியில் அழுதிருக்கிறார். சித்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி அக்கா, உடம்பைப் பாருங்கோ" என்று வைத்துவிடுவார். தங்கை தன்னை ஒருமுறை திட்டிவிட்டால் போதும் என்று அம்மா கடைசிவரை காத்திருந்தார். அது நடக்கவில்லை.

போன மாசியில் ஆஸ்பத்திரியில் அம்மாவின் மூச்சு நின்றது. பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். அம்மாவின் கையை விடவில்லை, மற்றக் கையால் தம்பிக்குச் சொல்ல முன்னே சித்திக்கு அழைத்தேன். காய்ச்சல் என்றோ கடுமை என்றோ சுற்றி வளைக்கவில்லை.

"சித்தி, அம்மா செத்துப்போனா."

"எப்ப?"

"இப்பதான். இந்த நிமிசம்."



"இப்ப சொல்லப் பழகியிட்டாய்" என்றார் சித்தி.

செத்தவீட்டுக்கு அவர் வரவில்லை.