இடது கைப் பக்கம் நாலாவது வால்வு

விழுப்புரத்தில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் ஒரு தட்டச்சுப் பொறி இருந்தது. அதன் வலது ஓரத்து ஷிப்ட் கட்டை மட்டும் மற்றவற்றைவிட அரை விரல் உயரமாக இருக்கும். சின்ன மரத்துண்டு ஒன்றை அதன்மேல் வைத்து, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிய கறுப்பு ரப்பரால் இறுகச் சுற்றியிருப்பார் தட்டச்சர் அக்கா. அவருடைய வலது சுண்டுவிரல் மடங்காது. சிறுவயதில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மிஷினில் மாட்டியது. யாராவது கேட்டால், "மிஷினோட ஒரு தபா கை குலுக்கிப் பாத்தேன். அதுலருந்து இது யார்கிட்டயும் பேசறதில்ல" என்று சிரிப்பார். சுண்டுவிரல் செய்ய வேண்டிய வேலையை அந்த ரப்பர் கட்டையை உள்ளங்கையின் ஓரத்தால் அமுக்கிச் செய்துகொள்வார். தட்டச்சின் சத்தத்துக்கு நடுவே அந்தக் கட்டை மட்டும் மெத்தென்று விழும். அப்படி அடிக்கும்போது சுண்டுவிரல் தனியாக மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். என்னால் அதைப் பார்க்க முடியாது.

பார்க்க முடியாததால் நான் ஒரு காரியம் செய்தேன். பக்கம் பக்கமாக நீளும் அறிக்கைகளை யாருக்கும் சொல்லாமல் இன்னொரு தட்டச்சருக்குத் திருப்பிவிட்டு, நான்கு வரிக் கடிதங்களை மட்டும் அக்காவின் மேசைக்கு அனுப்பினேன். நல்லது செய்கிறோம் என்ற நிறைவு எனக்கு இருந்தது. இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் மதியம் அக்கா அந்த நான்கு வரிக் கடிதங்களை எல்லாம் கட்டாக எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தார்.

"இன்னா தம்பி, எனக்கு விரல் வலிக்குது, வேலையக் கொறைங்கன்னு உங்ககிட்ட மனு எதுனா குடுத்தேனா?"

"இல்லக்கா, உங்களுக்குச் சிரமமா..."

"சிரமம் எனக்கா, உங்களுக்கா? நீங்க என் விரலப் பாத்துக்கினே இருந்தா அப்புறம் யாரு வேலையப் பாக்கறது? ஸ்டேட்மென்ட்ட எடுத்துக்கினு வாங்க. பக்கத்துல ஒக்காந்து படிங்க, ஜல்தியா."

பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். எண்களும் ஊர்ப் பெயர்களும் நிறைந்த பதினோரு பக்கங்கள். நான் திணறிய இடங்களில்கூட அவர் நிற்கவில்லை. "படிக்கவே மூச்சு வாங்குது, இவரு எனக்கு லீவு குடுக்கறாராம்" என்று அறை முழுவதும் கேட்கச் சொன்னார். அன்று முதல் அவர் ஓய்வு பெறும்வரை அறிக்கை வாசிப்பது என் வேலையானது. கடைசி நாளில் பொறியிலிருந்து அந்த மரத்துண்டைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு தன் ஊரான வானூருக்குப் பேருந்து ஏறினார். அவரை நான் மறந்துவிடவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. திண்டிவனத்தில் எங்கள் மாதா கோயில் பேண்டில் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகுழல் வாசிக்கிறாள். தேர் பவனியில் எல்லா வாத்தியங்களுக்கும் அடியில் யானை நடப்பதுபோல ஒரு கனத்த ஒலி வருமே, அதுதான். போன வருடம் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். கூட்டேரிப்பட்டு அருகே குறுக்கே ஒரு நாய் ஓடிவந்தது. நான் பிரேக்கை அழுத்தினேன். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். விழும்போது அவள் வலது கையை ஊன்றிவிட்டாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மற்ற விரல்கள் நன்றாக வந்தன. சுண்டுவிரல் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். அந்த இடத்தைக் கடக்கும்போது இப்போதும் பேருந்தின் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறேன். சாப்பாட்டின்போது அவள் கையை நான் பார்ப்பதில்லை.

கோயிலில் இருக்கும் டியூபா பழையது, விரலால் அமுக்கும் வால்வு மூன்றுதான். அவளுக்கென்று ஒன்று வாங்கித் தருவதாக விபத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன். நாலு வால்வு வேண்டும் என்று அவளும் அப்போதே சொல்லியிருந்தாள். "ஒண்ணாவதும் மூணாவதும் சேத்து அமுக்குனா சுருதி மேல ஏறிக்குதுப்பா. உதட்ட வச்சி இழுத்து இழுத்து எறக்க வேண்டியிருக்குது. நாலாவது இருந்தா அது ஒண்ணே போதும். அதுக்குக் கீழயும் எறங்கலாம்" என்று விளக்குவாள்.

விழுப்புரத்தில் பேண்டு சாமான் விற்கும் கடைக்கு ஒருநாள் அலுவலகம் முடிந்து தனியாகப் போனேன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். மகளுக்கு என்றேன்.

"பொண்ணா? தூக்குமா சார்?"

"என்னையே தூக்கும்."

அவர் சிரித்துவிட்டு வகைகளைச் சொன்னார். "மூணு வால்வு மேல வச்சது இருக்குது. நாலும் வரிசையா மேல வச்சது இருக்குது, நாலாவது சுண்டுவிரலுக்கு. மூணு மேல வச்சி, நாலாவத மட்டும் பக்கவாட்டுல வச்சதும் வருது. இப்பிடி அமுக்குற பிஸ்டன் வேணாம்னா சுத்துற வால்வு மாடலு. ஆனா அது ரிப்பேராச்சின்னா இங்க பாக்க ஆளு கெடையாது, பேஜாரு."

சுண்டுவிரல் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நான் காதில் வாங்கவில்லை. நாலாவது வால்வின்மேல் அந்த விரல் விறைத்து நிற்பது மட்டும் கண்முன்னே வந்தது. "மூணு போதும். மூணே எழுதிக்குங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நாலாவது எனக்கு வேணாம்னு யாருப்பா சொன்னாங்க?"

"கண்ணு, கஷ்டப்படுவேன்னுதான்..."

"விழுந்ததுலருந்து நீ என் கையப் பாக்கறதே இல்ல. எனக்குத் தெரியும்பா. உனக்குப் பாக்கக் கஷ்டமா இருக்குதுன்னு நான் மூணுலயே நிக்கணுமா?"

அவள் அறைக்குள் போய்விட்டாள். நான் தட்டு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். பல வருடங்களுக்குப் பிறகு மறுபடி என் மேசைமேல் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்து விழுந்ததுபோல இருந்தது. சிரமம் எனக்கா, உங்களுக்கா என்று தட்டச்சர் அக்கா கேட்டதற்கு நான் அன்று பதில் சொல்லவேயில்லை. காலையில் முதல் வேலையாகக் கடைக்குப் போன் செய்து, சாமானை வரவழைக்க வேண்டாம், மகளை அழைத்து வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை பாசஞ்சர் ரயிலில் இருவரும் போனோம். முதலில் நாலும் வரிசையாக இருந்ததை மடியில் தூக்கி வைத்தார்கள். மூன்று விரல்கள் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. சுண்டுவிரல் நாலாவதற்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. கையைச் சாய்த்து அமுக்கிப் பார்த்தாள், மோதிரவிரல் நழுவியது. நான் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன். "அப்பா, இங்க பாரு" என்றாள். பார்த்தேன். "இது ஆவல. அவ்ளோதான். வேற பாக்கலாம்" என்றாள், செருப்பு அளவு சரியில்லை என்பதுபோல.

கடைக்காரர் உள்ளே போய், வேறொரு பேண்டுக்காக வந்திருந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தார். "நான் அன்னிக்கே சொன்னேன், சார்தான் மூணு மூணுன்னாரு" என்றார். அதிலிருந்த டியூபாவில் நாலாவது வால்வு பக்கவாட்டில், தாழ்வாக இருந்தது. அவள் இடது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்தாள். மூச்சை இழுத்து ஊதினாள். கண்ணாடி அலமாரிக்குள் இருந்த ஜால்ராக்கள் கிணுகிணுத்தன. அதற்கும் கீழே ஒரு ஸ்வரம் இறங்கினாள். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கீழே போனாள்.

அந்த வகைதான் இப்போது வீட்டில் இருக்கிறது. இடது விரல் பழக மூன்று மாதம் ஆனது. திட்டுகிறாள், தப்பு விடுகிறாள், மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள். மாலையில் அவள் பயிற்சி செய்யும்போது நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு கையும் வால்வுகளில் இருப்பதால் நோட்டின் பக்கத்தைத் திருப்ப ஓர் ஆள் வேண்டும். எனக்கு ஸ்வரக் குறிகள் தெரியாது. அவள் புருவத்தை உயர்த்தினால் திருப்ப வேண்டும். வாசிக்கும்போது அவளுடைய வலது சுண்டுவிரல் மட்டும் வேலையில்லாமல் மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது, அந்த ரப்பர் கட்டைக்கு மேலே அக்காவின் விரல் நின்றதுபோல. நேற்று அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் புருவத்தைத் தவறவிட்டேன். அவள் வாயை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"விரல அப்புறம் பாக்கலாம்பா. பக்கத்தத் திருப்பு."

திருப்பினேன்.