கீறல் படாத ஒஸ்வல்ட்

மாத்தளை திருகோணமலை வீதியில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்குகிற மொத்தக் கடை ஒன்றில் இருபத்தாறு வருஷமாகத் தரம் பார்ப்பவர் ஒஸ்வல்ட். தரம் பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பல்லேகமவிலிருந்து ஒரு மனிதன் விடிய முன்னம் பஸ் ஏறி, சாக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்குவான். ஒஸ்வல்ட் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவார். அந்த உதட்டோடு சேர்ந்து வந்தவன் முகமும் தொங்கிப்போகும். சாதிக்காயில் மயிரிழை அளவு கீறல் இருந்தால் போதும், அது இரண்டாம் தரம். நல்ல சரக்கைப் பார்த்து நல்லதென்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் விலை கூடிப்போகும் அல்லவா?

அந்தக் கண்ணைக் கடையில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் அவர் மனைவி மார்ஜரிக்கு அவர்மேல் இவ்வளவு இளக்காரம் வந்திருக்காது. பெண் பார்க்க வந்த நாளிலேயே அதைக் கொண்டுவந்துவிட்டார். மார்ஜரி தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டியபோது, சின்ன வயதில் அடுப்பில் சுட்ட தழும்பு முழங்கைக்குக் கீழே தெரிந்தது. ஒஸ்வல்ட் கோப்பையைப் பார்க்கவில்லை, பெண்ணின் முகத்தையும் பார்க்கவில்லை.

"இது எப்ப பட்டது?" என்றார். அவள் சொன்னாள். அவர் தன் தாயின் பக்கம் திரும்பி, "பரவால்ல, சட்டைக் கை மறைச்சிரும்" என்றார். அந்த நிமிஷமே அவளுக்கு ஆளைப் பிடிக்கவில்லை. அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார் என்பதற்காகக் கட்டிக்கொண்டாள். வாக்குக் கொடுத்த அப்பாவா வந்து குடும்பம் நடத்தினார்?

மார்ஜரி டவுனில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் காயம் கழுவி மருந்து கட்டுகிறவள். கத்தி வெட்டு, மோட்டர் சைக்கிளிலிருந்து விழுந்து உரிந்த முழங்கால், கொதி எண்ணெய் தெறித்த கை எல்லாம் அவள் விரலுக்குள்ளால் போனவை. கீறலைக் கண்டால் கழுவி மருந்து போடுவது அவள் தொழில். கீறலைக் கண்டால் விலையைக் குறைப்பது அவர் தொழில். இந்த இரண்டு பேரும் இருபத்து நாலு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

ஒஸ்வல்ட் கைக்குப் போன் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அன்ஸாப் என்பவருடைய போன் கடையில், மூன்று சனிக்கிழமை போய்ப் போய்ப் பார்த்து, நாலாவது சனிக்கிழமை வாங்கினார். முதுகெல்லாம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் போன். விளிம்பில் தங்க நிறத்தில் ஒரு பூச்சு. வாங்கின கையோடு அன்ஸாப்பைப் பிடித்துக்கொண்டு, எது எது பட்டால் கீறும் என்று ஒரு மணித்தியாலம் விசாரித்தார்.

"சாவி, காசெல்லாம் கண்ணாடிய லேசுல கீறாது அண்ணன்," என்றார் அன்ஸாப். "மண்ணுதான் மோசம். கண்ணுக்குத் தெரியாத மணல் ஒண்ணு மாட்டிக்கிட்டா கோடு விழுந்துரும்."

அன்ஸாப் பேச்சுக்குச் சொன்னது. ஒஸ்வல்ட் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். முன்பக்கம் கண்ணாடி ஒட்டினார். பின்பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்டினார். அதற்கு மேல் கறுப்பு ரப்பர் கவர். கவருக்கு மேல் சிப் இழுத்து மூடுகிற தோல் பை. அன்றைக்குப் பிறகு அந்தப் பளபளப்பை அவரும் பார்க்கவில்லை, ஊராரும் பார்க்கவில்லை. போனுடைய நிறம் நீலமா பச்சையா என்று கேட்டால் பெட்டியைப் பார்த்துத்தான் சொல்வார். நாய்க்குக் கிடைத்த தேங்காய் என்று சொல்வார்களே, அதுவாவது உருட்டிப் பார்க்கும்.

தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் காற்சட்டைப் பையை வெளியே இழுத்து, பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றால் மண் தட்டுவார். கடையில் மிளகுத் தூசி என்று போனைப் பையைவிட்டு எடுக்கமாட்டார். யாராவது அழைத்தால் கையைத் துடைத்து, சிப்பைத் திறந்து, கவரோடு வெளியே எடுப்பதற்குள் அழைப்பு நின்றுபோகும். பிறகு இவர் திரும்ப அழைத்து, "யாரு, என்ன வேணும்?" என்று அதட்டுவார். ஒருமுறை மார்ஜரி சந்தையில் மயங்கி விழுந்தபோது பக்கத்துக் கடைக்காரி நாலு தடவை அவருக்குப் போன் எடுத்தாள். ஐந்தாவது தடவை எடுக்காமல் ஓட்டோ பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டாள். ஒஸ்வல்ட் வீட்டுக்கு வந்து, "கை எல்லாம் தூசியா இருந்திச்சு" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரலில் இல்லை. காரணம் சொல்கிற குரலில்.

"இவ்வளவு பொத்தி வச்சு என்ன செய்யப் போறீங்க?" என்று மார்ஜரி ஒருநாள் கேட்டாள்.

"ரெண்டு வருஷத்தில மாத்தும்போது நல்ல வெலைக்குப் போகும். புதுசு மாதிரி இருக்கணும்."

அதாவது, பெயர் ஊர் தெரியாத எவனோ ஒருவன் இரண்டு வருஷம் கழித்து வாங்கப்போகிற போனுக்கு இவர் இப்போதே சம்பளம் இல்லாமல் காவல் இருக்கிறார். புதுசாக இருக்கும்போது அதை அனுபவிக்கப்போகிறவன் அவன். இவருக்கு ரப்பர் கவர். மார்ஜரிக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு அந்தச் சிரிப்பே புளித்தது. ஏனென்றால் அவர் அப்படிக் காவல் இருந்தது போன் ஒன்றுக்கு மட்டும் இல்லை.

மகள் லக்ஷிகாவுக்கு இருபத்தொரு வயது. மாவட்டப் பெண்கள் அணியில் கபடி ஆடுகிறவள். மண்ணில் விழுந்து எழும்புவதுதான் அந்த ஆட்டம், பூப்பறிப்பது இல்லை. முழங்காலும் முழங்கையும் காய்த்துப்போய், தோளில் இரண்டு கோடு, புருவத்துக்கு மேலே ஒரு கோடு. மைதானத்திலிருந்து வந்தால் அப்பாவின் போனுக்கு நாலு முழத் தூரத்தில் நிற்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அவள் உடம்பில் மண் இருக்கிறதாம். அந்த மண் போனுக்கு ஆகாது என்பதைச் சொன்ன அதே வாய், அந்த மண் பெண்ணுக்கும் ஆகாது என்று சொல்லத் தொடங்க வெகு நாள் ஆகவில்லை.

போன மாதம் கொழும்பிலுள்ள ஒரு கம்பெனி தன் பெண்கள் அணிக்கு ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. அணியில் இடம் கிடைத்தால் கம்பெனியில் நிரந்தர வேலையும் கிடைக்கும். பயிற்சி கொடுக்கும் நிதுஷன் சேர் வீடு தேடி வந்து சொன்னார். தெரிவு கண்டியில், சனிக்கிழமை காலை. லக்ஷிகா அன்றைக்குச் சாப்பிடக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம். ஏ.எல். பரீட்சை முடித்து இரண்டு வருஷமாக வேலை தேடி அலைந்தவளுக்கு, தன் கையாலும் காலாலும் பிடிக்கக்கூடிய ஒரு வேலை வாசலுக்கு வந்திருந்தது.

ஒஸ்வல்ட் உதட்டைப் பிதுக்கினார்.

"வத்தளையில இருந்து றெக்சன் வீட்டாக்கள் அடுத்த மாசம் பொண்ணப் பாக்க வர்றாங்க. அதுவரைக்கும் இவ மண்ணில உருளக்கூடாது. மூஞ்சில இன்னொரு கீறல் பட்டா யாரு எடுப்பா?"

"அப்பா, அந்தாளு யாருன்னே எனக்குத் தெரியாதே," என்றாள் லக்ஷிகா.

"தெரியத்தானே வர்றாங்க," என்று சொல்லிவிட்டுக் காற்சட்டைப் பையைத் தட்டப் போய்விட்டார். நிதுஷன் சேர் குடித்த தேத்தண்ணீர் பாதியோடு எழும்பிப் போனார். லக்ஷிகா அழவில்லை. அழுதிருந்தால் மார்ஜரிக்குத் தாங்கியிருக்கும். தன் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அதுதான் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு மார்ஜரி மகளைக் கண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். ஒஸ்வல்ட் எழும்பியதும், "புள்ள மாதா கோயில் கூட்டப் போயிருக்கா, நாளைக்குப் பூசைக்கு" என்றாள். மாதாவின் வீட்டைச் சாட்டிப் பொய் சொன்னதற்காக நெற்றியில் ஒரு சிலுவையும் போட்டுக்கொண்டாள். நல்ல காலம், ஒஸ்வல்ட்டுக்கு அன்றைக்கு வேறு யோசனை. இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. போனை மாற்றப் போகிறார்.

அவரைத் தனியே போக விட்டால் கோயில் பக்கம் போனாலும் போவார் என்று பயந்து மார்ஜரியும் கூடப் போனாள். வழியெல்லாம் தன் கைப்பைக்குள் இருந்த போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தெரிவு முடிந்ததும் போன் எடுக்கிறேன் என்று மகள் சொல்லியிருந்தாள்.

அன்ஸாப் கடையில் ஒஸ்வல்ட் போனை மேசையில் வைத்த விதத்தைப் பார்த்தால் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிறவர் கெட்டார். "பாருங்க, ரெண்டு வருஷம். ஒரு தரம் கீழ விழல. ஒரு தரம் கவர் கழட்டல," என்றார்.

அன்ஸாப் தோல் பையை எடுத்துப் புறம்பாக வைத்தார். ரப்பர் கவரை நகத்தால் நெம்பிக் கழற்றினார். உள்ளேயிருந்து மேசையில் பொல பொலவென்று கொஞ்சம் மண் உதிர்ந்தது. பின் தாளின் ஓரமெல்லாம் சுருண்டு, அதற்குக் கீழே கண்ணாடி முதுகு மங்கிப்போய் வட்டம் வட்டமாகக் கீறியிருந்தது. விளிம்பில் இருந்த தங்கப் பூச்சு நாலு மூலையிலும் தேய்ந்து, உள்ளே இருந்த வெள்ளைத் தகரம் பல்லைக் காட்டியது.

அன்ஸாப் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "அண்ணன், கவருக்குள்ள மண்ணு போய் மாட்டிக்கிட்டு ரெண்டு வருஷமா அரைச்சிருக்கு. வேலியே பயிர மேஞ்சிருக்கு பாருங்க. நீங்க சும்மா பாவிச்சிருந்தா இத விட நல்லா இருந்திருக்கும்."

"வெலை?"

"போன் நல்லா வேல செய்யுதே. ஒரு சின்ன வித்தியாசம்தான் வரும். கீறலுக்கெல்லாம் இப்ப யாரு அண்ணன் கவலப்படுறா? வாங்குறவன் அன்னைக்கே ஒரு கவர் போட்டுருவான்."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டு தானும் சிரித்திருப்பார்கள். ஒஸ்வல்ட் போனைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இருபத்தாறு வருஷம் சாதிக்காயைப் பார்த்த அதே பார்வை. உதடு பிதுங்கியது. பிறகு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அவதான். அந்த மண்ணு அவ மேல இருந்து வந்ததுதான். நான் இல்லாத நேரம் எடுத்து நோண்டியிருப்பா. இரு, கோயில்ல இருந்து வரட்டும்."

மார்ஜரி அவருக்கு நேரே திரும்பினாள். கடையில் ஆள் நிற்கிறதே என்று பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்து இருபத்து நாலு வருஷம் போனது போதும் என்று தோன்றியது.

"அவ கோயில்ல இல்ல. கண்டிக்குப் போயிருக்கா. நான்தான் அனுப்பினேன்."

"என்ன?"

"மண்ணில உருளத்தான் போயிருக்கா. போனயாவது விக்கலாம். புள்ளய யாருக்கு விக்கப் போறீங்க? வத்தளையில இருந்து வர்றவனுக்காக இவ்வளவு நாளா அவள கவருக்குள்ள வச்சிருந்தீங்களே, உள்ள என்ன ஆயிருக்குன்னு ஒருநாளாவது தொறந்து பாத்தீங்களா?"

அன்ஸாப் தலையைக் குனிந்து, சும்மா கிடந்த மேசையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். ஒஸ்வல்ட் வாயைத் திறந்தார். "ஆக்களுக்கு முன்னால..." என்று தொடங்கினார். தரம் பார்க்கிறவரை யாரும் தரம் பார்த்ததில்லை, பாவம், பழக்கமில்லை.

அப்போதுதான் மார்ஜரியின் கைப்பைக்குள் போன் அடித்தது. இரண்டாவது மணிக்கே எடுத்துவிட்டாள். மைதானத்துச் சத்தத்துக்கு மேலால் லக்ஷிகா கத்தியது கடை முழுக்கக் கேட்டது.

"அம்மா! எடுத்துட்டாங்க! பன்னெண்டு பேருல நானும் ஒருத்தி! அடுத்த மாசம் ஒண்ணாந் தேதி வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க!"

மார்ஜரிக்குக் கண் நிறைந்து கடை மங்கலாகத் தெரிந்தது. "சாப்பிட்டியா?" என்றாள். "தண்ணி குடிச்சியா? கையில காலில பட்ட எடமெல்லாம் சவுக்காரம் போட்டுக் கழுவு. பொறகு ஆறுதலா வா புள்ள, அம்மா பஸ்ஸடியில நிக்கிறேன்."

அவள் போனை வைத்ததும் ஒஸ்வல்ட் தன் கையிலிருந்த போனைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அது கவர் இல்லாமல், பை இல்லாமல், தொட்ட உடனே எடுத்துப் பேசக்கூடிய மாதிரி இருந்தது. திரையில் ஒன்றும் இல்லை. தவறிய அழைப்பும் இல்லை.

"எனக்கு ஏன் அவ போன் எடுக்கல?" என்றார். குரலில் அதட்டல் இல்லை. அவள் அவரிடம் அப்படியொரு குரலை முன்பு கேட்டதில்லை. இருந்தும் மார்ஜரிக்கு இரக்கம் வரவில்லை.

"நீங்க மொதல்ல என்ன கேப்பீங்கன்னு அவளுக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸடிக்கு நடந்தாள்.