கல்யாணம் நின்றுபோன எபிசோடு

"சீரியல் கதைக்கெல்லாம் கலைக்களஞ்சியத்துல எதுக்கு மாமா இடம்? தூக்குனது சரிதான்" என்றார் என் மனைவியின் தம்பி. கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். மகளுக்கு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

என் மகளுக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. மதியம் போய் நள்ளிரவில் திரும்பும் பி ஷிஃப்ட் வாரத்தில் சீரியல் நேரத்துக்கு அவள் உற்பத்தி லைனில் நிற்பாள். மறுநாள் மதியம் கம்பெனி பஸ்ஸில், மேம்பாலம் வருவதற்குள், முந்தைய நாள் கதையை இணையக் கலைக்களஞ்சியத்தில் படித்துவிடுவாள். யாரோ ஒரு புண்ணியவான் எபிசோடு எபிசோடாக எழுதிவைத்திருந்தார்.

அந்த பஸ்மீதுதான் லாரி மோதியது. தலையில் அடி. கண் விழித்தவளுக்கு விபத்தும் தெரியவில்லை, கிழமையும் தெரியவில்லை. கடைசியாக எதுவரை ஞாபகம் இருக்கிறது என்று பேச்சுக்கொடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். ஷிஃப்டில் ஓடுகிறவளுக்கு எல்லா நாளும் ஒன்றுதான். எதைக் கேட்பது? சீரியலைக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"எங்க ஆச்சு? மாப்ள தாலிய வச்சிட்டு எழுந்து பூட்டானே. இதுகூட தெரியாதா உனுக்கு?"

கலைக்களஞ்சியத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கல்யாணம் நின்றது விபத்துக்கு முந்தைய நாள் எபிசோடில். அவள் அதைப் பார்த்திருக்க வழியில்லை; வார்டில் டிவியும் கிடையாது, அவள் போனும் என்னிடம்தான் இருந்தது. அப்படியென்றால் பஸ்ஸில் படித்திருக்கிறாள். லாரி மோதுவதற்குச் சற்று முன்புவரை நினைவு அறுபடவில்லை! கேட்டதும் டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அன்று எனக்குச் சோறு இறங்கியது.

இப்போது 'அளவுக்கு மீறிய விவரம்' என்று ஒரே வரி எழுதி, கதை முழுவதையும் நீக்கிவிட்டார்கள். யாருடைய அளவு? எந்த ராஜா எந்த யானைமேல் போருக்குப் போனான் என்பது இருக்கலாமாம். எங்கள் தெருவே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிற கதை இருக்கக்கூடாதாம்.

"அது அறிவு மாமா, இது பொழுதுபோக்கு."

"உன் அறிவு அன்னைக்கு வார்டுப் பக்கம் எட்டிப் பாத்துச்சா மச்சான்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் சாத்திய கதவின் சத்தத்துக்கே எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. விபத்துச் சேதி வந்த நாளிலிருந்து இன்னும் அப்படித்தான் இருக்கிறேன்.

உள்ளே மகள் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சீரியல் பக்கத்தில் நடிகர்கள் பெயரும் ஒளிபரப்பு நேரமும் மட்டுமே மிச்சம்.

"இன்னாப்பா, கல்யாணம் நின்னுதே, அதக் காணோம்? நானா எதுனா கனா கண்டனா?"

"இல்லம்மா. நீ படிச்சதுதான்."

"நெஜமாவா?"

அவளிடம் எடுத்துக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.