மகள் பேச்சை எழுதிய சோலைச்சாமி

சோலைச்சாமிக்குக் கிணறு வெட்டுகிற வேலை. திருச்சுழிப் பக்கம் நாற்பது அடி, ஐம்பது அடி தோண்டினால்தான் ஈரம் கண்ணில் படும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். எழுத்துகள் தெரியும். ஆனால் காதில் எப்படி விழுகிறதோ அப்படியேதான் எழுதுவார்.

1967இல் அவருடைய ஒரே மகள் மாரிக்கனி இரண்டாம் வகுப்பில் இருந்தாள். பாடப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை கடகடவென்று சொல்லுவாள். ஒருநாள் ராஜகுரு வாத்தியார் நடுப்பக்கத்தில் ஒரு வரியைத் தொட்டு வாசிக்கச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவளுக்கு ஒரு சொல்கூட வாசிக்கத் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே முழுப் புத்தகத்தையும் மனதில் ஏற்றியிருந்தாள்.

வாத்தியார் சோலைச்சாமியை அழைத்துச் சொன்னார்.

"ஒம்புள்ள மக்கு இல்லப்பா. நேத்துச் சொன்ன எழுத்து இன்னைக்கு அவளுக்குப் புதுசா இருக்கு. என்ன செய்யன்னு எனக்கே வெளங்கல."

அன்று முதல் வேலைவிட்டு வந்ததும் சோலைச்சாமி மகளோடு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'அவள் ஓடுகிறாள்' என்ற வரியை அவர் எழுத்துக் கூட்டிக் காட்டினார். மாரிக்கனி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அய்யா, இப்படி யாரு பேசுறாக?"

அவரும் அப்படிப் பேசியதில்லை.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவள் தெருவிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அய்யா, கருத்தாடு ரெண்டு குட்டி போட்ருக்கு! ஒண்ணு நொண்டுது!"

சோலைச்சாமி என்ன நினைத்தாரோ, அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, அவள் சொன்னதைச் சொன்னபடியே மண்சுவரில் எழுதினார்.

"என்னய்யா எழுதிருக்க?"

"நீ சொன்னதத்தான் தாயி."

அவள் சுவரை விட்டு நகரவே இல்லை. தன் வாயிலிருந்து போனது அங்கே நிற்கிறது என்பதை அவளால் நம்ப முடியவில்லை. ஒவ்வொரு சொல்லாக விரலால் தடவினாள். கரி விரலில் ஒட்டியது.

மறுநாள் காலையில் அந்த வரிகளை அவள் பிசகாமல் சொன்னாள். இதுவும் மனப்பாடமோ என்று சோலைச்சாமிக்குச் சந்தேகம். அவள் வெளியே போன சமயம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு 'கருத்தாடு நொண்டுது' என்று மட்டும் எழுதி வைத்தார். அவள் வந்தாள். விரலை வைத்தாள்.

"கருத்தாடு... நொண்... டுது." வாய்விட்டுச் சிரித்தாள். "ஆடு எங்கய்யா நொண்டுது? குட்டில்ல நொண்டுது!"

சோலைச்சாமிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாறைக்கடியில் முதல் ஊற்று கசியும்போதுகூட அவருக்கு அப்படி இருந்ததில்லை. களையெடுப்புக் கூலிக்குப் போயிருந்த மனைவி அழகுத்தாயை, காட்டுக்கே போய்க் கூட்டிவந்து, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு வரி. அவள் சொல்ல, அவர் எழுதினார். செய்தி கேட்டு ராஜகுரு வாத்தியார் வீட்டுக்கே வந்தார். சுவர் நிறையப் பிழைகள். ஒன்றைத் திருத்தக் கரியை எடுத்தவர், மாரிக்கனி அதே வரியைத் தடுமாறாமல் வாசித்ததைக் கேட்டுக் கரியைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த வாரம் வகுப்பில் அவளை அருகே அழைத்து, "நீ சொல்லு, நான் எழுதுறேன்" என்று சிலேட்டை எடுத்தார். பேச்சிலிருந்து புத்தகத்துக்கு வர அவளுக்கு இரண்டு வருஷம் ஆனது.

மாரிக்கனி ஒருபோதும் வேகமாக வாசித்ததில்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு வருஷம் தங்கினாள். ஆனாலும் 1978இல் அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்வந்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாள்.

அந்தப் பரீட்சை நாட்களில் அவள் உதடு அசையாமல் வாசிப்பதைச் சோலைச்சாமி வாசலில் நின்று பார்ப்பார். சத்தம் போடாமல் அவருக்கு வாசிக்கவே வராது. ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ஏத்தா, வாயத் தொறக்காம எப்படிப் படிக்க?"

"உள்ள கேக்குதுய்யா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் தெருவில் இறங்கினார்.